வசனத்துக்கு ஒரு சாயங்காலம்

பதினாலு வாயும் ஒரே நேரத்துல தொறந்துச்சு, ஒண்ணுல இருந்தும் சத்தம் வரல.

எல்கானாபுரம் சர்ச்சுல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கடிகாரத்துல சரியா ஆறு பத்து. எப்சிபா ஜனங்களுக்கு முதுகக் காட்டி, பாடகர் குழுவப் பாத்து நின்னு கையத் தூக்கி எறக்கினா. அவ சொல்லிக் கொடுத்த மாதிரியே அஞ்சு சோப்ரனோவும் தாடைய எறக்கினாங்க, மூணு ஆல்ட்டோவும் கண்ண மூடினாங்க, மூணு டெனரும் குதிங்காலத் தூக்கினாங்க, பேஸ் பாடுற மூணு பேரோட மீசையும் நடுங்குச்சு. கழுத்து நரம்பு பொடைக்குது, ஒதடு வார்த்தைய வார்த்தையா வடிக்குது, எல்லாரும் ஒண்ணு போல பாட்டுக் காகிதத்தப் பொரட்டுறாங்க. ஆனா அந்தக் காகிதச் சரசரப்பத் தவிர ஒரு சத்தமும் இல்ல. மைக்தான் போச்சுன்னு நெனச்சு மைக்செட் ரூபன் ஓடி வந்து தட்டிப் பாத்தான். டொக் டொக்குன்னு சர்ச்சே அதிர்ந்துச்சு. கடைசி பெஞ்சுல ஒரு பச்சப்புள்ள அழுதது கேட்டுச்சு, வெளிய ஒருத்தன் பைக்க ஸ்டாண்டு போட்டது கேட்டுச்சு, பாட்டு மட்டும் கேக்கல. நிறுத்தணும்னு எப்சிபாவுக்குத் தெரியுது, கைதான் நிக்க மாட்டேங்குது. நூத்தி இருபத்தொண்ணாம் சங்கீதம், எட்டு வசனம், எட்டையும் அவ அந்த அமைதிக்குள்ளயே கை வீசி முடிச்சா. முடிச்சதும் முன்வரிசையில யாரோ ரெண்டு தட்டு தட்டிட்டு, தான் மட்டும்தான் தட்டுறோம்னு தெரிஞ்சதும் கைய மடியில வச்சுக்கிட்டாங்க.

இதுல பெரிய கொடுமை, யாருக்கும் தொண்ட போகல. "யாருட்டி தண்ணி வச்சிருக்கா?"ன்னு ஆல்ட்டோ லில்லி கேட்டது மூணாவது பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. சபை ஐயர் தேவபிரியம் நெலமையச் சமாளிக்க, எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பழைய பாட்ட எடுத்துவிட்டாரு. அதே பதினாலு பேரும் கூரை ஓடு பேந்துரும் போல பாடினாங்க. அப்ப எப்சிபா போட்ட மெட்டுதான் வரமாட்டேங்குது.

"கோளாறு தொண்டையில இல்ல, மெட்டுல"ன்னாரு வில்ஃப்ரட் அண்ணாச்சி. சர்ச்சு பாட்டு விஷயமெல்லாம் அவரு கையிலதான். புது மெட்டே வேண்டாம்னு மொதல்ல இருந்து சொன்னவரும் அவருதான். "நான் அப்பமே சொன்னேன். இருக்கிற ராகத்துல என்ன கொறச்சல்?"

எப்சிபாவுக்கு இருவத்தாறு வயசு, பஸ் ஸ்டாப்பு பக்கம் மருந்துக்கடையில வேல பாக்குறா. மாத்திர அட்டப்பெட்டியப் பிரிச்சு, உள்பக்கம் வெள்ளையா இருக்குற எடத்துல, ஒருத்தருக்கு இருமல் மருந்து எடுத்துக் குடுக்குறதுக்கும் அடுத்தவருக்குத் தலைவலி மாத்திர குடுக்குறதுக்கும் நடுவுல, டோ ரே மீன்னு எழுதி எழுதி மூணு வருஷத்துல மூணு சங்கீதத்துக்கு நாலு கொரலுக்கும் மெட்டு போட்டிருந்தா. அந்த நாலு கொரலும் சேந்து எப்படி இருக்கும்னு அவ தலைக்குள்ள மட்டும்தான் கேட்டிருக்கா. வெளிய, காத்துல, காதுல ஒரு தடவகூடக் கேட்டதில்ல. பேரு வேணாம், கைதட்டு வேணாம், ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும். அதுக்குத்தான் இந்த ஒரு சாயங்காலத்தச் சர்ச்சு கமிட்டி குடுத்துச்சு, அதுவும் இப்படிப் போச்சு.

செவ்வாக்கிழமை காலையில வடக்குத் தெரு மகிழ்ச்சி சித்தி பிரஷர் மாத்திர வாங்க வந்தவ, காரியம் எதுவும் நடக்காத மாதிரி சொன்னா. "ஏட்டி எப்சி, ஒம் பாட்டு நேத்து சாயங்காலம் எங்க தெருக் கொழாயில வந்துச்சு."

"என்ன சித்தி?"

"ஆறு மணிக்குத் தண்ணி விட்டானா, ஆறு பத்துக்குப் பாட்டு வந்துச்சு. சோப்ரனோ மட்டும். ஒரு வசனந்தான், பெறவு வெறுந்தண்ணி. நான் ரெண்டு கொடம் புடிச்சேன். சரி, மாத்திரய எண்ணிக் குடு, போன தடவ ஒண்ணு கொறஞ்சுச்சு."

அன்னைக்கு ஆறு மணிக்கு எப்சிபா கடைய முதலாளிகிட்ட விட்டுட்டு வடக்குத் தெருவுக்கு ஓடினா. பச்சக் கொடம், நீலக் கொடம், ஊதாக் கொடம்னு வரிசை நிக்குது. ஆறு பத்து ஆனதும், கொழாய் ஒரு தடவ செருமிக்கிட்டு, தண்ணியோட தண்ணியா ரெண்டாம் வசனத்த அஞ்சு பொம்பளக் கொரல்ல ஊத்துச்சு, ஒத்தாசை எங்க இருந்து வருதுன்னு சொல்லுற வசனம் அது. கொடம் நெறைய நெறைய சுருதி ஏறுச்சு. எழுதினபடியே, ஒரு சுரம் பிசகல. எப்சிபா கொழாயப் புடிச்சுக்கிட்டு நின்னா, பின்னால இருந்தவ "புடிச்சது போதும், நகரு மக்களே"ன்னா.

பாட்டு கலந்த தண்ணியில சோறு பொங்கலாமான்னு தெருவுல ஒரு வாக்குவாதம் வந்து, அது ஐயர் வரைக்கும் போச்சு. அவரு நல்லா யோசிச்சு, "எதுக்கும் கொதிக்க வச்சுக் குடிங்க"ன்னுட்டாரு. ஊரும் அதோட அந்தக் கேள்விய விட்டுருச்சு.

புதன்கிழமை மினிபஸ் டிரைவர் மாரிமுத்து கடைக்கு வந்து கவுண்டர்ல கைய ஊணிக்கிட்டு நின்னாரு. "தங்கச்சி, நம்ம வண்டி மூணு நாளா... மூணு நாளு இல்ல, ரெண்டு நாளா பாடுது. ஆறு பத்துக்கு முக்குல நிக்கும்போது சைலன்சர்ல இருந்து மூணு ஆம்பள பாடுறான். எஞ்சின ஆஃப் பண்ணாலும் பாடுறான். மெக்கானிக்கு பாத்துட்டு, வண்டியில ஒண்ணும் இல்ல, பாட்டு நல்லாருக்குன்னுட்டாரு."

எப்சிபா அன்னைக்கு பஸ்சுல ஏறினா. கால் வழுக்காம பாத்துக்குறதப் பத்தின மூணாம் வசனத்த டெனர் பாடினப்ப படியில தொங்கிட்டு வந்த நாலு பேரும் தானாவே ஒரு படி உள்ள ஏறி நின்னாங்க. எறங்க வேண்டியவங்க எறங்கல. பாட்டு முடிஞ்சுதான் எறங்கினாங்க. அடுத்த ஊருக்கு பஸ் லேட்டாப் போச்சு. அங்க காத்துக்கிட்டிருந்தவங்க ஏன் லேட்டுன்னு கேட்டாங்க, "பாட்டு"ன்னு மாரிமுத்து சொன்னாரு, "அப்ப சரி"ன்னு ஏறிக்கிட்டாங்க.

வியாழக்கிழமை தங்கதுரை சலூன். தங்கதுரை லில்லியோட வீட்டுக்காரரு. "திங்கக்கிழமையில இருந்து கண்ணாடிக்குள்ள எம் பொண்டாட்டி கொரலு வருது. வீட்டுலதான் கேக்கேன்னா கடையிலயுமான்னு நெனச்சேன், கூட ரெண்டு பேரு பாடவும்தான் புரிஞ்சுச்சு"ன்னாரு. கழுத்துல வெள்ளத்துணியக் கட்டி, மூஞ்சியில சோப்பு நொரையோட ஆம்பளைங்க உக்காந்திருக்கிற கடைக்குள்ள எப்சிபா போய் நின்னதும் எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க, பவுடர் வாசத்துக்கு நடுவுல கண்ணாடி நாலாம் வசனத்தப் பாடுச்சு, தூங்காம காவல் இருக்குறவரப் பத்தின வசனம். சேர்ல வழக்கமா தூங்குற போஸ்ட்மேன் அன்னைக்குத் தூங்கல. பாட்டு வரும்போது தங்கதுரை கத்திரிய நிப்பாட்டிருவாரு, முடிஞ்சதும் எங்க விட்டோம்னு மறந்துருவாரு, அந்த வாரம் பூராவும் ஊர்ல பாதி ஆம்பளைக்கு ஒரு பக்கக் கிருதா ஒரு விரக்கட கொறச்சல். யாரும் சண்டைக்கு வரல.

வெள்ளிக்கிழமை மாவு மில்லு. பேஸ் அங்கதான் இருந்துச்சு. நிறுத்தின மெஷினோட வயித்துக்குள்ள இருந்து அஞ்சாம் வசனம் கெளம்பி வந்துச்சு, தரையில சிந்தின மாவு வட்டம் வட்டமா ஒதுங்கி நின்னுச்சு, செவுத்துல இருந்த பல்லி எடத்த மாத்திக்கிச்சு. கேக்க வாறவங்க தும்மிக் கெடுத்துறக் கூடாதுன்னு மொளகா அரைக்கிறவங்க ஆறே காலுக்கு மேல வாங்கன்னு மில்லுக்காரரு வாசல்ல எழுதிப் போட்டுட்டாரு.

இப்ப எப்சிபாவுக்குக் கணக்கு புரிஞ்சுபோச்சு. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு வசனம், நாலு எடத்துல, ஒரே நேரத்துல. அஞ்சு போயிருச்சு, மூணுதான் மிச்சம். அதுக்கப்புறம் இந்தப் பாட்டு இந்த ஒலகத்துல இருக்குமோ இருக்காதோ. அவளுக்கு இருக்குறது ரெண்டு காது, ஒரு ஒடம்பு. வடக்குத் தெருவுல நின்னா சோப்ரனோதான், மில்லுல நின்னா பேஸ்தான். நாலையும் சேத்து எங்க நின்னு கேக்குறது?

சனிக்கிழமை மைக்செட் ரூபன் வழி சொன்னான். "நாலு எடத்துல நாலு போன வச்சு ரெக்கார்டு பண்ணி ஒண்ணா போட்டுருவோம்க்கா. அஞ்சு நிமிஷ வேல." பகல் வெயிலும் ராத்திரி நெலாவும் வார ஆறாம் வசனம் அப்படித்தான் போச்சு. நாலு போனையும் போட்டுப் பாத்தா, ஒண்ணுல தண்ணி விழுற சத்தம், ஒண்ணுல கண்டக்டர் சில்லற கேக்குறாரு, ஒண்ணுல ஃபேன் சுத்துது, நாலாவதுல மில்லுக்காரரு "ரெக்கார்டு ஆகுதாடே?"ன்னு கேக்குறாரு. பாட்டு இல்ல.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஐயர் அறிவிப்பு வாசிச்சாரு. "நமது பாடகர் குழுவினரின் சங்கீதத்தில் இதுவரை ஆறு வசனங்கள் வந்து சேர்ந்துள்ளன. ஏழாம் வசனம் இன்று மாலை வழக்கமான இடங்களில் கேட்கப்படும். குழாயடியில் பெண்களுக்கு வழிவிடவும். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் புதன்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது."

அன்னைக்கு சாயங்காலம் எப்சிபா நாலு தெருவும் கூடுற முக்குல போய் நின்னா. வடக்க கொழாய், தெக்க மில்லு, கெழக்க சலூன், காலடியில மாரிமுத்தோட பஸ். முக்குல இருந்து எதுவும் எரநூறு எட்டு வைக்கிற தூரத்துக்கு மேல இல்ல. காது எட்டணும். ஆனா ஆறு பத்துக்கு என்ன கேட்டுச்சு? டீக்கட டிவி, மீன்காரரோட ஹாரன், யாரு வீட்டு மிக்சியோ, மோட்டாரு, நாயி, எல்லாத்துக்கும் மேல சர்ச்சு கோபுரத்துல கட்டியிருக்குற கூம்பு ஸ்பீக்கரு. சர்ச்சுல நிகழ்ச்சி இருக்குற நாளத் தவிர, இருவத்திரெண்டு வருஷமா, ஆறுல இருந்து ஆறே கால் வரைக்கும் வில்ஃப்ரட் அண்ணாச்சி போடுற பாட்டு. அதுல ஏழாம் வசனம் எங்க போச்சுன்னே தெரியல. பஸ்சுல இருந்து ஒரு டெனர் இழை வந்து காதத் தொட்டுட்டுப் போச்சு, அவ்வளவுதான். எப்சிபா மைல்கல்லு மேல உக்காந்துட்டா.

லில்லி வந்து பக்கத்துல உக்காந்தா. பெறவு, "எப்சி, அது எங்க போயிருக்கு பாத்தியா? நம்ம எங்கெங்க பழகினமோ, அங்கங்க போயிருக்கு"ன்னா.

எப்சிபா நிமிந்து பாத்தா. நெசந்தான். சோப்ரனோ அஞ்சு பேரும் தண்ணி புடிக்கும்போது கொழாயடியில பழகினாங்க. டெனர் மூணு பேரும் வேலைக்குப் போய் வார பஸ்சுல. சலூனுக்குச் செவ்வாக்கிழமை லீவுன்னு ஆல்ட்டோ அங்க. பேஸ் மூணு பேரும் மில்லுல மூட்ட தூக்குறவங்க. நாலு கொரலும் சேந்து பழகன்னு மூணு சனிக்கிழமை ஒதுக்கினாங்க. மொத சனிக்கிழம, கச்சேரிக்கு ஒரே மாதிரி சேல எந்தக் கலர்ல எடுக்கன்னு பேச்சு வந்துச்சு. லாவண்டர்ன்னு ஒரு கட்சி, மாம்பழ மஞ்சள்ன்னு ஒரு கட்சி. ரெண்டாவது சனிக்கிழம ஆம்பளைங்க டையும் அதே கலரான்னு சண்ட. மூணாவது சனிக்கிழம சமாதானம் ஆகி, பஜ்ஜி வாங்கித் தின்னுட்டு, ஜெபம் பண்ணிட்டுக் கலைஞ்சாங்க. லாவண்டர்தான் ஜெயிச்சுச்சு.

"ஒண்ண ஒண்ணு பாக்காத கொரலுங்கட்டி"ன்னா லில்லி. "கொண்டுபோய் சபை நடுவுல நிறுத்தினா, வெக்கப்பட்டுட்டு அதது வீட்டுக்குப் போயிருச்சு. நாம சேல எடுத்தோம், நல்லா எடுத்தோம்."

எப்சிபாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. "ஒரு வசனந்தான் மைனி மிச்சம். நாளைக்கோட சரி."

"அப்ப நாளைக்கு ஊர அமத்திருவோம்."

"ஊரையா?"

"ஒரு வசனம் எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் வாய மூட மாட்டாங்களா?"

திங்கக்கிழமை பூரா லில்லியும் மகிழ்ச்சி சித்தியும் வீடு வீடாப் போனாங்க. ஊரும், கல்யாணத்துக்கு அண்டா கேட்டா எடுத்துக் குடுக்குற மாதிரி, அமைதியக் கேட்டதும் எடுத்துக் குடுத்துச்சு. டீக்கடக்காரரு டிவிய அமத்துறேன்னாரு, ஆனா படம் ஓடும்னாரு. அம்மன் கோயில் பூசாரி தீபாராதன மணிய ஆறே காலுக்குத் தள்ளி வச்சாரு, "அவ கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்"னு. மீன்காரரு ஹாரனோட ரப்பர் பல்பக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டாரு. மோட்டாரு போடுறவங்க சாயங்காலத் தண்ணிய மத்தியானமே ஏத்தினாங்க. வில்ஃப்ரட் அண்ணாச்சிகிட்ட மட்டும் யாரும் போகல. அது எப்சிபாவோட காரியம்னு விட்டுட்டாங்க.

அஞ்சு மணிக்கு அவ போனா. அவரு வெள்ள சட்டையப் போட்டுக்கிட்டு கோபுரத்துக்குக் கெளம்பிக்கிட்டிருந்தாரு.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாள் ஸ்பீக்கர..."

"தெரியும். காலையில இருந்து தெரியும். முடியாது."

"ஒரு நிமிஷம் அண்ணாச்சி."

"ஒனக்கு ஒரு நிமிஷம். அந்தப் பாட்டக் கேட்டுத்தான் இந்த ஊர்ல அவனவன் வெளக்கு ஏத்துதான், வெறகு அடுக்குதான், பிள்ளைகள வீட்டுக்குக் கூப்பிடுதான். இதையும் நிறுத்திட்டா, பழசுக்கு ஒரு நிமிஷங்கூட இல்லாமப் போயிரும்."

"ஒங்க பாட்டு வேண்டாம்னு நான் சொல்லல. எனக்கு என் பாட்டு எப்படி இருக்கும்னு தெரியாது அண்ணாச்சி. மூணு வருஷமா எழுதுதேன், இன்னும் தெரியாது. நல்லாருக்கோ, நீங்க சொன்ன மாதிரி கோளாறோ, எதுவானாலும் கேட்டுக்கிடுதேன். கேக்காமயே எப்படிண்ணாச்சி விடுறது?"

அவரு செருப்ப மாட்டிக்கிட்டு, கோபுரத்தப் பாத்து நடந்தாரு.

ஆறு மணிக்கு ஸ்பீக்கரு பாட ஆரம்பிச்சுச்சு. முக்குல நானூறு பேரு நின்னாங்க. ஆறு அஞ்சுக்கு டிவி அமந்துச்சு. மிக்சி, மோட்டாரு, அடிபம்பு, ஒண்ணு ஒண்ணா அமந்துச்சு. மாரிமுத்து எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஸ்டியரிங்குல கன்னத்த வச்சுக்கிட்டாரு. புள்ளைங்க நாயோட வாயப் பொத்திப் புடிச்சிருந்துச்சுங்க, நாயும் சும்மா இருந்துச்சு. பாடகர் குழு பதினாலு பேரும் கூட்டத்தோட கூட்டமா நின்னாங்க. யாரும் கத்தல, நிறுத்துங்கன்னு ஒரு கொரல் எழும்பல, நானூறு மூஞ்சியும் கோபுரத்தப் பாத்துத் தூக்கியிருந்துச்சு. கோபுரத்து ஜன்னல்ல வெள்ள சட்ட ஒரு தடவ தெரிஞ்சு மறைஞ்சுச்சு. ஆறு எட்டு. ஆறு ஒம்போது. எப்சிபா கண்ண மூடிக்கிட்டா.

பாட்டு பாதி வரியில நின்னுச்சு.

அந்த ஊருக்கு அவ்வளவு அமைதி இருக்குன்னு அதுக்கு முன்னால யாருக்கும் தெரியாது. தூரத்துல கடல் இருக்குறதே அப்பதான் கேட்டுச்சு. அந்த அமைதி மேல வடக்க இருந்து சோப்ரனோ ஈரமா வந்துச்சு, கெழக்க இருந்து ஆல்ட்டோ பவுடர் வாசத்தோட வந்துச்சு, தெக்க இருந்து பேஸ் தரை வழியா வந்து செருப்புக்குள்ள ஏறுச்சு, காலடியில டெனர், பஸ்சு பழக்கம் போகாம, அரைத் தாளம் தள்ளி வந்து சேந்துச்சு. மத்த மூணு கொரலும் அதுக்காக நின்னு, ஏத்திக்கிட்டுக் கெளம்புச்சு. போகும்போதும் வரும்போதும் கூட இருக்குறதப் பத்தின கடைசி வசனம். எப்சிபா தலைக்குள்ள அது மூணு வருஷமா பெரிய பாட்டா இருந்துச்சு, மல உசரத்துக்கு. இங்க அது சின்னதா இருந்துச்சு, ஒரு முக்கு அளவுக்கு, எரநூறு எட்டு அகலத்துக்கு, கொடத்தோட நின்னவங்களும் கிருதா கொறஞ்சவங்களும் உள்ள நிக்கிற அளவுக்கு. அவ நெனச்ச மாதிரியே இல்ல. அவ நெனச்சத விட மெதுவா, நெனச்சத விட நெருக்கமா இருந்துச்சு. எந்த எடத்துல ஆல்ட்டோவுக்குத் தப்பா ஒரு சுரம் எழுதிட்டோம்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, அந்தத் தப்பு நல்லாருக்குன்னும் தெரிஞ்சுபோச்சு. கை மட்டும் அது பாட்டுக்கு எழும்பி, கடைசி சுரத்தப் புடிச்சு வச்சிருந்து, மெதுவா விட்டுச்சு.

அப்புறம் கொழாயில தண்ணிதான் வந்துச்சு. நானூறு பேரும் அடக்கி வச்சிருந்த மூச்ச ஒண்ணா விட்டாங்க. யாரும் கைதட்டல.

வில்ஃப்ரட் அண்ணாச்சி கோபுரத்துல இருந்து எறங்கி வந்து, எப்சிபா முன்னால நின்னு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

"டெனர் லேட்டு."

"பஸ்சு அப்படித்தான அண்ணாச்சி"ன்னா எப்சிபா.

"ம்ம்." கண்ணாடிய மாட்டிக்கிட்டாரு. "இன்னும் ரெண்டு சங்கீதம் வச்சிருக்கியாமே. சனிக்கிழமை பாடிப் பழகுறத இங்கயே, இந்த முக்குலயே வச்சிருவோம், பதினாலு பேரும் சேந்து. எவனாச்சும் சேலையப் பத்திப் பேசினான்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"ஏறுங்க ஏறுங்க"ன்னு மாரிமுத்து வண்டிய எடுத்தாரு, பூசாரி மணி அடிச்சாரு, யாரோ மொளகா மூட்டையோட மில்லுக்கு ஓடினாங்க, ஊரு சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு. எப்சிபா மட்டும் முக்குலயே நின்னா, எதையோ கீழ போட்டுறக் கூடாதுங்குற மாதிரி, தலைய ஆட்டாம.

இந்த மாதிரி உங்களுக்கும் நடந்திருக்கா? எல்லார் முன்னாலயும் வாயத் தொறந்து, ஒண்ணுமே வராம, அதோட போச்சுன்னு நீங்க வீட்டுக்கு வந்து படுத்ததுக்கப்புறம், நீங்க சொல்ல நெனச்சது அடுத்த தெருவுல யாரோட கொடத்துலயோ சாவகாசமா வந்து நெறஞ்சிருக்கா? யாராச்சும் வந்து சொன்னாங்களா, இல்ல இன்னும் சொல்லலையா?